பாட்டுக்கு நடுவே கேட்கும் வீடு

பழைய ஒலிநாடா ஒன்று பரணிலிருந்து இறங்கி வரும்போது வீட்டில் எழும் முதல் கேள்வி, "இதுல என்ன பாட்டு இருக்கு?" என்பதுதான். அட்டையில் ஏதாவது சினிமாப் படத்தின் பெயர் எழுதியிருந்தால் அந்த நாடாவின் கதை அங்கேயே முடிந்துபோகும். அதே பாட்டு இன்று கைபேசியில் இதைவிடத் தெளிவாகக் கிடைக்கிறது, அப்புறம் இந்தக் குப்பை எதற்கு என்று அது பழைய பேப்பர்காரரின் சாக்குக்குப் போய்விடும். இந்த நியாயம் மேலுக்குச் சரியாகத் தெரிந்தாலும் அடியிலேயே பிழையானது. வீட்டில் பதிந்த நாடாவில், பதிந்தவர் எதைப் பதிய நினைத்தாரோ அது பெரும்பாலும் வேறெங்காவது கிடைத்துவிடும். அவர் நினைக்காமலே உள்ளே வந்து விழுந்தவைதான் வேறெங்கும் கிடைக்காதவை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி, பட்டனை அணைக்க மறந்த அரை நிமிடம், பாடச் சொன்ன குழந்தை வெட்கப்பட்டு ஓட, "பாடு கண்ணு, மாமா கேக்குறாரு" என்று பின்னாலிருந்து யாரோ கெஞ்சும் குரல்: நாடாவைக் காப்பாற்றுவது என்றால் இவற்றைக் காப்பாற்றுவது. இதை ஒப்புக்கொண்டால், நாடாவை எப்படி மீட்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் மீட்க வேண்டும், மீட்கும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அதிலிருந்தே வந்துவிடும்.

வடசென்னையின் விம்கோ நகரை எடுத்துக்கொள்வோம். ஊரின் பெயரே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்தான். 1923-இல் சுவீடன் முதலீட்டில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம் விம்கோ. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர். 2021 பிப்ரவரி 14 அன்று ஓடத் தொடங்கிய மெட்ரோ வழித்தடத்தின் நிலையத்துக்கும் அதுவே பெயர். இந்த நிலையத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் தென்னிந்தியத் தொழில் வரலாற்றின் பெரும்பங்கு கிடக்கிறது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் பிறகு எம்.ஆர்.எஃப். ஆயிற்று. 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியாவின் மோட்டார் சைக்கிள் ஆலையும் திருவொற்றியூரில்தான் இருந்தது. எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸ் பின்னர் அசோக் லேலண்டாக மாறி லாரி, பஸ் செய்தது. இந்தக் கம்பெனிகளுக்கு ஆண்டறிக்கை உண்டு, பத்திரிகை விளம்பரம் உண்டு. அவற்றில் வேலை பார்த்தவர்களுக்கு ஸ்டுடியோவில் எடுத்த கல்யாணப் படம் உண்டு, பி.எஃப். சீட்டு உண்டு. ஆனால் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து அவர்கள் என்ன குரலில், என்ன சொல்லில் பேசினார்கள் என்பதற்கு என்ன ஆவணம் இருக்கிறது?

கேள்வி சாதாரணமாகத் தெரியலாம். விடை தேடிப் போனால்தான் வெறுமை தெரியும். வெள்ளைக்காரர் ஆட்சியில் ஜார்ஜ் கிரியர்சனின் மொழி அளவாய்வை ஒட்டி, 1913 முதல் 1929 வரை இந்திய மொழிகள் பலவற்றை இசைத்தட்டில் பதிந்தார்கள். தமிழும் அதில் அடக்கம். ஆனால் அங்கே பெரும்பாலும் நடந்தது, பைபிளின் ஊதாரி மகன் கதையைச் சொல்லச் சொல்லிப் பதிந்தது. எழுதிவைத்ததை மைக் முன்னால் நின்று சொல்லும் பேச்சு அது. அடுப்படியில் நடக்கும் பேச்சு இல்லை. அதற்குப் பிறகு சென்னையின் உழைக்கும் மக்கள் பேச்சை உலகம் கேட்டது சினிமாவில். 1958-இல் வந்த 'சபாஷ் மீனா'வில் ரிக்‌ஷாக்காரராக வந்து மெட்ராஸ் பாஷை பேசிய ஜே.பி. சந்திரபாபு பிறந்தது தூத்துக்குடியில். அவர் மாபெரும் கலைஞர், அந்தப் பேச்சு அவர் வாயில் துள்ளியது, அதெல்லாம் உண்மை. ஆனாலும் அது சிரிக்கவைப்பதற்காகச் செய்த நடிப்பு. அவருக்குப் பின் வந்த பலரும் அதே வழியில்தான் போனார்கள். வடசென்னைக்காரர் ஒருவர் துக்கத்தோடோ, கணக்குப் பார்த்தோ, மகளுக்குப் புத்தி சொல்லியோ, யாரையும் சிரிக்கவைக்கும் எண்ணமின்றிப் பேசியது எங்கேயாவது பதிவாகியிருந்தால், அது வீட்டு நாடாவில்தான் இருக்கும். திருவொற்றியூர் கடலோரக் குப்பங்களில் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைத்த பெரியவர்களின் உச்சரிப்புக்கும் இதே நிலைதான். அகராதியில் சொல் இருக்கும், அதைச் சொன்ன குரல் இருக்காது.

வீட்டு நாடாவை இவ்வளவு உயர்த்திப் பேசுவது மிகை என்று தோன்றினால், தென்சென்னையில் ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றைப் பாருங்கள். கர்நாடக இசைப் பாடகர்களில் ஜி.என். பாலசுப்ரமணியம் 1965-இல் மறைந்தார், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967-இல், மதுரை மணி ஐயர் 1968-இல். இவர்கள் மேடையில் எப்படிப் பாடினார்கள் என்று இன்றைய ரசிகருக்குத் தெரிவதற்குக் காரணம் இசைத்தட்டுக் கம்பெனிகள் அல்ல. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் அடங்கும். அதில் ஆலாபனைக்கு எங்கே இடம்? வானொலி கொஞ்சம் காப்பாற்றியது. மிச்சத்தைக் காப்பாற்றியவர்கள் ஸ்பூல் ரெக்கார்டர் வாங்க முடிந்த ரசிகர்கள். ஏழு அங்குலச் சுருளில் 1,800 அடி நாடா, விநாடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகம் என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு 96 நிமிடம் ஓடும். பாதிக் கச்சேரியை நிறுத்தாமல் பிடித்துவிடலாம். 1980-இல் சென்னையில் தொடங்கிய சம்பிரதாயா, 1982-இல் அமைந்து இப்போது குருகிராமில் இயங்கும் இன இசையியல் ஆவணக் காப்பகம், மியூசிக் அகாதெமியின் ஒலிக் காப்பகம் ஆகியவை வந்ததால் அந்த உலகத்துக்கு ஒரு பாதுகாப்புக் கிடைத்தது. அந்தச் சுருள்களில் ஆராய்ச்சியாளர்கள் கூர்ந்து கேட்பது எதை என்பதுதான் நம் வாதத்துக்கு முக்கியம். பாட்டை எல்லாரும் கேட்கிறார்கள். ஆனால் எந்த ஊர், எந்த வருஷம், யார் வயலின் என்பதைக் கண்டுபிடிக்க உதவுவது நடுவில் வரும் அறிவிப்பு, முன்வரிசையிலிருந்து ஒருவர் போடும் 'சபாஷ்', பாடகர் மிருதங்கக்காரரிடம் தாழ்ந்த குரலில் சொல்லும் ஒரு வார்த்தை. பதிய நினைக்காதவை அங்கேயும் வேலை செய்கின்றன.

நிறுவனங்கள் காப்பாற்றும், வீடுகள் தொலைக்கும் என்ற நம்பிக்கை பொதுவாக இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பி.பி.சி. 1960-களின் 'டாக்டர் ஹூ' தொடரின் நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது, படச்சுருள் பிரதிகளையும் கழித்துக்கட்டியது. படம் தொலைந்த அத்தியாயங்களுக்கு இன்று ஒலியாவது எஞ்சியிருப்பதற்குக் காரணம், தொலைக்காட்சிப் பெட்டி பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த ரசிகர்கள். நிலவில் மனிதன் கால் வைத்த காட்சியின் மூலத் தகவல் பதிந்த நாடாக்களும் மறுபடி பயன்படுத்துவதற்காக அழிக்கப்பட்டிருக்கலாம் என்று நாசா 2009-இல் அறிவித்தது. பெரிய நிறுவனத்துக்கு நாடா ஒரு செலவுக் கணக்கு. இடம் வேண்டும், புது நாடா வாங்கக் காசு வேண்டும், பழையதை அழித்தால் இரண்டும் மிச்சம். வீட்டுக்கு அது ஒரு பொருள். டிரங்குப் பெட்டிக்குள் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்கிக் கிடக்கும், யாரும் அழிக்கமாட்டார்கள். அந்தச் சோம்பேறித்தனமே நாற்பது வருஷமாக அதைக் காத்திருக்கிறது.

விம்கோ நகரில் ஸ்பூலைவிடக் கேசட்தான் அதிகம் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பூல் ரெக்கார்டர் கனமானது, விலை அதிகம், நாடாவைக் கையால் கோத்து ஓட்டத் தெரிய வேண்டும். 1963-இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட் அந்த மூன்று தடைகளையும் ஒருசேர உடைத்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த டூ-இன்-ஒன், பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய டேப் என்று தொழிலாளர் வீடுகளுக்குள் ஒலிப்பதிவு முதல்முறையாக நுழைந்தது அப்போதுதான். காகிதத்தில் எழுத வராதவர்கள் கேசட்டில் பேசித் துபாய்க்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் கேசட் வந்தது. காதுகுத்து, வளைகாப்பு, வீட்டுக் கல்யாணம், ஜெபக்கூட்டம், சங்கத்து மேடை, இறந்த வீட்டு ஒப்பாரி, இரவு முழுக்க நடந்த கானா என்று அந்தச் சிறு பெட்டிக்குள் போகாதது இல்லை. அதற்கு மேல் இலங்கை வானொலி. ரேடியோவுக்கு முன்னால் டேப்பை வைத்து, "யாரும் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் பதிவது ஒரு வழக்கம். இந்தக் கேசட்டுகளைத்தான் இன்று முதலில் தூக்கிப் போடுகிறார்கள், 'வெறும் சினிமாப் பாட்டு' என்று. ஆனால் அவற்றில் பாட்டுக்கு முன்னும் பின்னும் அறிவிப்பாளர்கள் மயில்வாகனனோ, கே.எஸ். ராஜாவோ, பி.எச். அப்துல் ஹமீதோ பேசியது இருக்கக்கூடும். அதற்கும் அடியில், பேசாதே என்று சொன்ன பிறகும் பேசிய தங்கை இருப்பாள், குக்கர் விசில் இருக்கும், தெருவில் மீன் விற்றுப் போன பெண் இருப்பாள். கம்பியில் இணைத்துப் பதிந்திருந்தால் இவர்கள் எவரும் உள்ளே வந்திருக்கமாட்டார்கள். வசதிக் குறைவால் செய்த பதிவு என்பதாலேயே வீடும் சேர்ந்து பதிவாயிற்று.

சத்தம் என்று நாம் தள்ளுவதில் எவ்வளவு செய்தி இருக்கிறது என்பதற்கு ஒரு நுட்பமான சான்று உண்டு. வீட்டு மின்சாரத்தில் ஓடிய ரெக்கார்டர் பதிந்த நாடாக்களில் அடியில் ஒரு 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் இருக்கும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவதால் வருவது அது. கேட்பவருக்கு எரிச்சல், மீட்பவருக்கு அளவுகோல். பழைய இயந்திரம் சரியான வேகத்தில் ஓடியதா என்று எப்படித் தெரியும்? பெல்ட் தளர்ந்து மெதுவாக ஓடிய டேப்பில் பதிந்தால், இன்று ஓட்டும்போது தாத்தாவின் குரல் இயல்பைவிடக் கீச்சென்று வரும். ஆனால் அடி ரீங்காரம் 50-க்குப் பதிலாக 52 என்று கணினி காட்டினால், நாடா நான்கு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். அதைக் குறைத்தால் குரல் தன் சொந்தக் கனத்துக்குத் திரும்பும். அக்காலத்தில் மாலை நேரத் தேவை ஏறும்போது மின்கட்டமைப்பின் அதிர்வெண்ணே 49-க்குக் கீழ் இறங்கியதுண்டு என்பதால் இந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது, குரலைத் தெரிந்தவர் காதும் சேர வேண்டும். விம்கோ நகர் வீட்டு நாடாவில் இருக்கும் அந்த ரீங்காரத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. 1970-இல் தொடங்கி 2017-இல் மூடிய எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட்டை ஊட்டிக்கொண்டிருந்த அதே மின்கட்டமைப்பின் ஓசை அது. நிலையம் ஓய்ந்துவிட்டது. அது ஓடிய காலத்துச் சுவடு இந்தக் கேசட்டுகளில் அவரவர் குரலுக்கு அடியில் இருக்கிறது. 'சுத்தம்' செய்கிறேன் என்று ஒரு மென்பொருளைத் தட்டினால் முதலில் போவது அதுதான்.

இனி அவசரம் பற்றி. நாடாவில் இருக்கும் காந்தப் பதிவு அப்படி எளிதில் அழிவதில்லை. நன்றாக வைத்திருந்தால் பல பத்தாண்டு நிற்கும். கெடுவது அதைத் தாங்கும் உடம்பு. நாடா என்பது மூன்று பொருள் சேர்ந்த ஒன்று: ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதன் மேல் இரும்புத் துரு போன்ற காந்தப் பொடி, பொடியைப் பட்டையோடு பிடித்துவைக்கும் பசை. பழைய ஸ்பூல்களில் பட்டை அசிடேட்டால் ஆனது. சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவும். அது சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை வரும், நாடா சுருங்கி நெளியும், தொட்டால் முறியும். பின்னர் வந்த பாலியெஸ்டர் பட்டை உறுதியானது, ஆனால் அதில் ஈரத்தை உறிஞ்சிப் பசை இளகும். 1970, 80-களில் வந்த சில வெளிநாட்டு ஸ்டுடியோ நாடாக்கள் ஓட்டும்போது பிசுபிசுத்து, கிறீச்சிட்டு, பழுப்பு மாவாக உதிரும். அவற்றை 50 டிகிரிக்குச் சற்று மேலான மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து, தற்காலிகமாகப் பசையை இறுக்கிவிட்டுப் பதிவெடுக்கும் முறை ஒன்று உண்டு. அதைக் கேள்விப்பட்டு வீட்டு அடுப்பில் முயல்வது ஆபத்து. அசிடேட் நாடாவை அப்படிச் செய்தால் அது அத்தோடு முடிந்தது. காப்பகங்கள் நாடாவை 20 டிகிரிக்கு உட்பட்ட குளிர்ச்சியிலும் 40 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்திலும் வைக்கின்றன. சென்னைக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல். உப்புக்காற்று வேறு. நாடாவின் மேல் வெள்ளைப் பூசணம் படிவதற்கு இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை.

இதற்கு மேல் வெள்ளம் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், எண்ணூர்ப் பகுதி வீடுகளின் சுவரில் கறுப்புக் கோடாகப் படிந்தது. அப்படி நனைந்த பொருள்களில் நாடாவும் இருந்திருந்தால், பலரும் செய்திருக்கக்கூடியது அதை மொட்டை மாடி வெயிலில் காயவைப்பது. அது தவறு. நனைந்த நாடாவை ஓட்டவும் கூடாது, வெயிலில் வைக்கவும் கூடாது. சேறு காய்ந்து ஒட்டுவதற்கு முன் சுத்தமான தண்ணீரில் அலசி, நிழலில், மின்விசிறிக் காற்றில் மெல்ல உலரவிட வேண்டும். எண்ணெய் பட்டிருந்தால் தெரிந்தவர் கையில் கொடுப்பதே நல்லது. வெள்ளத்தில் பத்திரத்தையும் ரேஷன் கார்டையும் முதலில் தூக்குகிறோம், சரிதான்; அவற்றுக்கு நகல் வாங்க ஓர் அலுவலகமாவது உண்டு.

நாடாவுக்கு முன்பே சாவது அதை ஓட்டும் இயந்திரம். சர்வதேச ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் யுனெஸ்கோவின் ஒரு திட்டமும் சேர்ந்து 2019-இல் காந்த நாடா எச்சரிக்கை ஒன்றை விடுத்தன. இயந்திரங்களும் உதிரி பாகங்களும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்து, 2025-ஐ ஒட்டி நாடாக்களை மீட்பது பெரும்பாலும் கைமீறிவிடும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். அந்தக் கெடு வந்துவிட்டது. உலகத்தின் எல்லா இயந்திரமும் அன்று காலை நின்றுவிடவில்லை, ஆனால் ஒவ்வொரு வருஷமும் வேலை கடினமாகிறது. இருபது வருஷம் சும்மா கிடந்த டெக்கின் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். நாடாவை இழுக்கும் பிஞ்ச் ரோலர் இறுகியிருக்கும். அதில் அம்மாவின் கேசட்டைப் போட்டு 'பிளே' அழுத்திப் பார்ப்பது, பிரேக் இல்லாத வண்டியில் குழந்தையை ஏற்றுவது போல. முதலில் வேண்டாத கேசட் ஒன்றை ஓட்டிச் சோதிக்க வேண்டும். ரிச்சி தெருவில் இன்னும் ஹெட் துடைத்து, பெல்ட் மாற்றித் தரத் தெரிந்த மூத்த மெக்கானிக்குகளைத் தேடிப் பிடிப்பது நாடாவைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

எப்படி மீட்பது என்பதற்கு நம் வாதமே வழிகாட்டும். பதிய நினைக்காததுதான் மதிப்பு என்றால், 'முக்கியமான இடத்தை மட்டும் எடுங்கள்' என்று கடைக்காரரிடம் சொல்லக்கூடாது. முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடி வரை, இரண்டு பக்கமும், காலியாகத் தெரியும் இடமும் சேர்த்து எடுக்க வேண்டும். ஸ்பூலாக இருந்தால் ஒரே நாடாவில் இரண்டு அல்லது நான்கு தடங்கள் எதிரெதிர் திசையில் பதிந்திருக்கலாம். குரல் தலைகீழாகக் கேட்டால் நாடா கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம், அது மறுபக்கம். கேசட்டின் கூடு விரிந்திருந்தால் ஐந்து திருகாணி உள்ள நல்ல கூடு ஒன்றுக்கு நாடாவை மாற்றலாம். ஓட்டும் இயந்திரத்தின் ஹெட், பதிந்த இயந்திரத்தின் ஹெட் நின்ற அதே சாய்வில் நிற்க வேண்டும். பக்கத்திலுள்ள சிறு திருகைத் திருகி, 'ச', 'ஸ' ஒலிகள் கூர்மையாக வரும் இடத்தில் நிறுத்துவார்கள். இந்த ஒரு வேலையைச் செய்கிறாரா என்று பார்த்தாலே மெக்கானிக்குக்குத் தொழில் தெரியுமா என்று தெரிந்துவிடும். கைபேசியை ஸ்பீக்கர் முன்னால் பிடித்துப் பதிவது கடைசி வழி; அப்படிச் செய்தால் பழைய வீட்டின் மேல் இன்றைய வீட்டின் சத்தமும் ஏறி உட்காரும். கம்பியில் இணைத்து, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், சுருக்காத வேவ் கோப்பாக எடுக்க வேண்டும். காப்பகங்கள் 96 கிலோஹெர்ட்ஸை விரும்புகின்றன. அந்தக் கோப்பின் மேல் யாரும் கைவைக்கக்கூடாது. இரைச்சல் நீக்குவது, பாட்டை வெட்டுவது, உறவினருக்கு அனுப்பச் சுருக்குவது எல்லாம் நகலில்.

இவ்வளவு மெனக்கெட்டு யார் கேட்கப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. அறுபது நிமிடக் கேசட்டை எடுக்க அறுபது நிமிடம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. கூலி வேலை செய்பவருக்கு ஒரு மணி நேரம் என்பது காசு. ஆனால் சேமிக்கும் செலவு இன்று ஒன்றுமில்லை. மேலே சொன்ன தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு ஜிபிதான். இருபது கேசட்டை ஒரு பென்டிரைவில் அடக்கலாம், இரண்டு பிரதி இரண்டு வீட்டில் வைக்கலாம். இருநூறு கேசட் உள்ளவர் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கடையில் வாங்கிய கேசட்டுகளை ஒதுக்கிவிடுங்கள். அதிலும் ஓர் எச்சரிக்கை: மேல் விளிம்பிலுள்ள இரண்டு துளைகள் காகிதத்தாலோ செலோ டேப்பாலோ அடைக்கப்பட்டிருந்தால், யாரோ அதன்மேல் பதிந்திருக்கிறார்கள். எம்.எஸ்.வி. பாட்டுக்கு நடுவே குழந்தையின் மழலை இருப்பது அங்கேதான். யார் கேட்பார்கள் என்பதைப் பதிந்தவர்களும் யோசிக்கவில்லை. கச்சேரியைப் பதிந்த ரசிகரும் தன் வீட்டில் மறுநாள் கேட்பதற்காகத்தான் பதிந்தார்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது, அதற்கு எளிய பதில் கிடையாது. பதிய நினைக்காததுதான் மதிப்பு என்கிறீர்கள்; அப்படிப் பதிவானவர் சம்மதம் கொடுக்கவில்லையே? துபாய்க்கு அனுப்பிய கேசட்டில் ஒரு பெண் தன் கணவரிடம் மட்டும் சொன்ன சொல் இருக்கும். வட்டிக்கு வாங்கிய கடன், மாமியாரோடு நடந்த சண்டை, சாதி சொல்லித் திட்டியது எல்லாம் இருக்கும். இவற்றைப் பேரப்பிள்ளைகள் காதில் போடுவது நியாயமா? மீட்பதையும் வெளியிடுவதையும் பிரித்துப் பார்த்தால்தான் இதற்கு வழி பிறக்கும். கடிதத்தைக் கரையானிடமிருந்து காப்பதற்கு அதைத் தெருவில் படிக்க வேண்டிய அவசியமில்லை. பேசியவர் உயிரோடு இருந்தால் முதல் பிரதி அவருடையது. அவர் அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. இறந்துவிட்டவர் என்றால் அவருக்கு மிக நெருங்கியவர் முடிவு செய்யட்டும். சில விநாடிக் குரலை வைத்து அவர் சொல்லாததைச் சொல்லவைக்கும் மென்பொருள்கள் வந்துவிட்ட காலத்தில், மூலப் பதிவை வாட்ஸ்அப் குழுவில் போடுவது முன்னெப்போதையும்விட ஆபத்து. ஆனால் இந்த அச்சம் நாடாவை அழுகவிடுவதற்குக் காரணமாகாது. அழுகிய நாடாவிடம் யாரும் சம்மதம் கேட்கப்போவதில்லை, கேட்க ஆளும் இருக்கமாட்டார்.

இப்போதுதான் எல்லாரும் நாள் முழுக்கக் கைபேசியில் பதிகிறோமே, இனி வரும் தலைமுறைக்குக் குரலுக்கா பஞ்சம் என்று இன்னொரு தரப்பு சொல்லும். அளவில் பஞ்சமில்லை. ஆனால் இன்றைய கருவி பேசுபவர் குரலைப் பிரித்தெடுத்துப் பின்னணியை அமுக்கும்படி செய்யப்பட்டது. அழைப்பில் பேசும்போது தெருச் சத்தம் கேட்காமல் இருப்பதை ஒரு சிறப்பாகவே விற்கிறார்கள். ஒரு காட்சி பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கிறோம். பதினைந்து விநாடிக்கு மேல் ஓடவிடுவதில்லை. கேசட்டில் நாடா காசு, நிறுத்தித் தொடங்குவது தொல்லை. அதனால் அது பாட்டுக்கு ஓடியது. கருவி கெட்டிக்காரத்தனம் இல்லாமல் இருந்ததால் எதையும் வடிகட்டவில்லை. விம்கோ நகரின் ஒரு நடுக்கூடம் ஒருமணி நேரம் எப்படி ஒலித்தது என்பதைக் காட்ட அந்த முப்பது, நாற்பது வருஷக் கேசட்டுகளைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

மீதமிருப்பது, பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்ற கேள்வி. நாடாவும் இயந்திரமும் மட்டுமல்ல, மூன்றாவதாக ஒன்றும் தீர்ந்துகொண்டிருக்கிறது: அதிலுள்ள குரல்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர்கள். 1982-இல் இருபது வயதில் பேசியவருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. அன்று அறுபதில் இருந்தவர் பெரும்பாலும் இல்லை. பின்னணியில் சிரிப்பது அத்தையா சித்தியா, "ஏட்டு வூட்டு அண்ணன்" என்று சொல்வது யாரை, தெலுங்கில் ஒரு வரி பேசிவிட்டுத் தமிழுக்கு வரும் அந்தப் பக்கத்து வீட்டு அம்மா எந்தக் கம்பெனிக் குவார்ட்டர்ஸில் இருந்தார் என்பதெல்லாம் எந்தக் கணினிக்கும் தெரியாது. அதனால் கோப்பு கைக்கு வந்த அன்றே, வீட்டில் மூத்தவர் யாரோ அவரை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இடப்பக்கம் நிமிடம், வலப்பக்கம் அவர் சொல்வது. மூன்றாவது நிமிடம், பாடுவது பெரிய அக்கா. ஏழாவது நிமிடம், கதவைத் தட்டுவது பால்காரர். பன்னிரண்டாவது நிமிடம், பாட்டுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு சங்கு ஊதுகிறது. எந்தக் கம்பெனிச் சங்கு, எந்த ஷிப்ட் என்று அவருக்குத்தான் தெரியும். அங்கே நிறுத்தி, பின்னால் ஓட்டி, இன்னொரு முறை கேட்கவையுங்கள்.